ஏழு கிலோ அண்ணாச்சி

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீ குடிக்க நின்றால் அவரிடம் மாட்டாமல் திரும்ப முடியாது. மில்லில் நூல் விற்பனையைப் பார்த்து ரிட்டயர் ஆனவர். எண்பதுகளில் கம்பெனி செலவில் மதுரையிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து பம்பாய் என்று பறந்தவர். இவர் ஒருவர்தான் என்றில்லை. இங்கேயும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆள்தான் வேறு, கதை ஒன்றுதான். எல்லாருக்குமாகச் சேர்த்து ஏரோப்பிளேன் அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம்.

அண்ணாச்சி மறந்தும் ‘பிளைட்’ என்று சொல்ல மாட்டார். பிளைட் என்பது இப்போது கண்டவனும் போவது. அவர் போனது ஏரோப்பிளேன்.

“ஏறுனதும் கை கூப்பி வணக்கம்ப்பா! தட்டு நெறைய மிட்டாயி, ஓரத்துல காதுல வைக்கப் பஞ்சு. எடுத்துக்கோங்க சார்னு குனிஞ்சு நீட்டும் அந்தப் பொண்ணு. பஞ்சு ஊர்க்காரன், எனக்கே பஞ்சு குடுத்தாம்ப்பா!”

வீட்டில் பிள்ளைகள் மூன்று. அண்ணாச்சி நாலு மிட்டாய் எடுப்பாராம். நாலாவது யாருக்கு என்று மதினியிடம் கேட்டேன். “எனக்குன்னுதான் எடுப்பாராம். ஒருநாளும் வீடு வந்து சேந்ததில்ல” என்றார்.

அந்தக் காலத்தில் கைப்பையில் நூல் கட்டிய அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, சோதனை முடிந்ததும் அதில் முத்திரை குத்துவார்கள். 2017-இல் பெரிய விமான நிலையங்கள் சிலவற்றில் தொடங்கி அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி எடுக்கவில்லை. ஆண்டாள் கோயிலுக்கு டவுன் பஸ்ஸில் போகும்போதும் அவர் பையில் அந்த அட்டை ஆடிக்கொண்டிருக்கும். கண்டக்டர்கள் அதைப் பார்த்து ஒன்றிரண்டு ரூபாய் சில்லறை கூடுதலாகக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

அவர் சொல்லாத பகுதியும் உண்டு. 1953-இல் சட்டம் போட்டு விமான கம்பெனிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, உள்நாட்டில் நாற்பது வருஷம் கிட்டத்தட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் ஒன்றுதான். பிடித்தால் ஏறு, பிடிக்காவிட்டால் ரயிலுக்குப் போ. “லேட்டாகாதா அண்ணாச்சி?” என்றால், “ஆகும். ஆனா மரியாதையா லேட்டாகும்” என்பார்.

போன சித்திரையில் சென்னையிலிருக்கும் மகன் டிக்கெட் போட்டு அனுப்பினான். கைப்பை ஏழு கிலோ, உள்ளே போடும் பெட்டி பதினைந்து கிலோ. பெட்டிக்குள் சப்பட்டை மாம்பழம், கைப்பைக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. முந்தின நாள் ராத்திரி வீட்டில் தொங்கு தராசு. ஒரு பனியனை எடுப்பதும் வைப்பதுமாக மணி பதினொன்று. மில்லில் கோன் மூட்டையைக் கையால் தூக்கியே எடை சொன்ன மனிதர், தன் பையில் தோற்றார்.

கார் கல்லுப்பட்டி தாண்டி, திருமங்கலம் தாண்டி மதுரை போய்ச் சேர இரண்டு மணி நேரம். வண்டி ஓட்டியது நான்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மிச்சத்தைப் பார்த்தேன். அண்ணாச்சி சட்டைப்பையில் பத்திரிகைத் துண்டு ஒன்று வைத்திருந்தார். கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கொடுக்கத் தனிக் காசு வாங்கக்கூடாது என்று 2022-இல் மத்திய அரசு சொன்ன செய்தி. அதை நீட்டுவதற்குள் பையன் சிரித்துக்கொண்டே பாஸை நீட்டிவிட்டான். “பையை மட்டும் இதுல வைங்க சார்.” எட்டு கிலோ நானூறு.

திறந்தார். ஒரு சட்டையை எடுத்துச் சட்டைக்கு மேல் போட்டார். துண்டைத் தலையில் கட்டினார். பால்கோவா டப்பா ஒன்று இடுப்பு மடிக்குப் போனது. “ஆயிரம் மூட்டைய எடை போட்ட என்னையே போட்டுட்டானே” என்று முணுமுணுத்தது பிற்பாடு போனில் சொன்னது.

சோதனையில் பச்சை பெல்ட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கையையும் விரித்து நில்லுங்கள் என்றால் வேட்டியை யார் பிடிப்பது? அந்த விவரத்தை அண்ணாச்சி இன்றுவரை முழுசாகச் சொல்லவில்லை.

ஏறினால் தண்ணீர் மட்டும் சும்மா. சாப்பாடு காசுக்கு. டப்பாவில் வெந்நீர் ஊற்றி மூடிவைக்கும் உப்புமா. “கல்யாண வீட்டுல உப்புமா போட்டாலே சம்பந்தி கோவிச்சுக்கிட்டுப் போவான். இவன் துட்ட வாங்கிட்டுல்ல போடுதான்!”

இதெல்லாம்கூட அவர் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தது. அவருடைய மில்லில் வைண்டிங்கில் வேலை பார்த்தவரின் மகன். கூடுதல் காசு கட்டி முதலிலேயே ஏறி, கால் நீட்ட இடமுள்ள சீட்டில் உட்கார்ந்துவிட்டான். எழுந்து நின்று வணக்கம் வைத்து, “சார், நீங்களும் இதுலயா?” என்றானாம். அந்த ‘உம்’ அண்ணாச்சிக்கு இன்னும் ஆறவில்லை.

2003-இல் ஏர் டெக்கானைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத், ஆர்.கே. லக்ஷ்மணின் ‘சாமானியன்’ படத்தைத்தான் கம்பெனியின் அடையாளமாக வைத்தார். ஒரு ரூபாய்க்கெல்லாம் டிக்கெட் விற்றார்கள். அவர் கதையைத் தழுவி வந்த ‘சூரரைப் போற்று’ படத்தில் ஊர்சனம் விமானத்தில் ஏறியபோது வீடே கண்ணைத் துடைத்தது. அண்ணாச்சி மட்டும் தண்ணி குடிக்க எழுந்து போய்விட்டார் என்று மதினி சொன்னார்.

திரும்பி வந்தது பொதிகையில். “அது ரயிலு. மூட்டையும் ஏத்தலாம், முறுக்கும் திங்கலாம்” என்று சொன்னார். இனிமேல் பிளைட்டே வேண்டாம் என்று டீக்கடையில் அறிவிப்பும் ஆயிற்று.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வாசலில் பார்த்தேன். அதே பை. பழைய அட்டையைக் காணோம். கைப்பிடியில், கோடு கோடாக அச்சடித்த வெள்ளைச் சீட்டு, பெட்டியிலிருந்து பிய்த்து எடுத்து ஓரம் மடங்காமல் ஒட்டியது.

“என்ன அண்ணாச்சி, பிளைட்லயா வந்தீக?” என்றார் கடைக்காரர்.

“ம்ம்... என்னத்த பிளைட்டு” என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி பையைக் கல்லாப் பக்கம் திருப்பி வைத்தார்.