அப்பு குரலில் யார் பேசியது?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகனின் ஆங்கிலத்தை, உடன் வேலை செய்பவர்கள் அவனைப் போலவே பேசிக்காட்டிச் சிரிக்கிறார்களாம். விளையாட்டு என்று விட்டுவிடலாமா?
– பட்டு நெசவாளர், ஆரணி

பதில்: வேண்டாம் ஐயா. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் அப்பு என்ற இந்தியக் கடைக்காரருக்கு 1990 முதல் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். அங்கே வளர்ந்த நம் பிள்ளைகளைப் பள்ளியில் அந்தக் குரலிலேயே சீண்டினார்கள். நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் இதை ஆவணப்படமாக்கினார். 2020-இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். மறு ஆண்டு மன்னிப்பும் கேட்டார். தட்டிக் கேட்டதால்தான் அது கிடைத்தது!

கனடாவின் இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் ரசல் பீட்டர்ஸும் தன் அப்பாவைப் போலப் பேசித்தான் சிரிக்கவைக்கிறார். ஆனால் அது மகன் அப்பாவை நடிப்பது. அந்த உரிமை பக்கத்து மேஜைக்காரருக்குக் கிடையாது.

நம் பக்கமும் கணக்கு பாக்கி இருக்கிறது. 1968-இல் ஹாலிவுட்டின் 'தி பார்ட்டி' படத்தில் வெள்ளைக்கார நடிகர் பீட்டர் செல்லர்ஸ் இந்தியராக வந்தார். அதே ஆண்டு இந்தி 'படோசன்' படத்தில் நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் 'மதராஸி'யாக வந்தார். நாமும் தமிழ்ப் படத்தில் வடநாட்டுச் சேட்டுகளை 'நம்பள், நிம்பள்' என்று பேசவைத்துக் கைதட்டினோம். வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் பேசுகிற தறிக்காரர்களின் தமிழையும் விட்டுவைத்தோமா?

"நான் இப்படித்தான் பேசுவேன், நிறுத்துங்கள்" என்று மகனை நேராகவே சொல்லச் சொல்லுங்கள். அதே ஆங்கிலத்தில்.