கதிரையில் ஒரு விண்வெளி வீரர்

கனடிய விண்வெளி நிறுவனத்தின் தலைமையகம் கெபெக் மாகாணத்து லொங்குய்ய் நகரின் சென்-உய்பேர் பகுதியில் இருக்கிறது. அதே நகரில், ராக்கெட் எதுவும் இல்லாமல், சக்கரம் வைத்த கதிரையில் இருந்தபடியே விண்வெளி வீரரின் உடம்பைப் பெற்றுக்கொண்டிருக்கிறார் யாழ்ப்பாணத்துக் கணக்காளர் ஒருவர்.

முன்பு மஞ்சள் லைன் மெட்ரோவில் மொன்றியலுக்குப் போய்வருவார். அந்த லைனில் மொத்தமே மூன்று நிலையங்கள்தான். ஆனாலும் படி ஏறி இறங்கவேண்டும், கதவு மூடுவதற்குள் ஓடவேண்டும். கொரோனா வந்தது, அலுவலகம் படுக்கையறைக்குப் பக்கத்து அறைக்கு வந்துவிட்டது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இதில் பரம திருப்தி. "என்ர பிள்ளைக்கு வெயிலும் இல்லை, பனியும் இல்லை. இருந்த இடத்தில சம்பளம்!" தோட்டத்துக்கு இறைத்தே முதுகு வளைந்த தலைமுறை அது. பிள்ளையை ஒரு கதிரையில் இருத்திப் பார்க்கத்தான் அவ்வளவு பாடும். அந்தக் கதிரைதான் இப்போது வில்லன் என்று அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் அதை 1953இல் ஊருக்கே சொன்னார். லண்டன் இரட்டைத்தட்டு பஸ்களில் நாள் முழுக்க இருந்து ஓட்டிய சாரதிகளையும், மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களையும் அவருடைய குழு ஒப்பிட்டது. இதயநோய் சாரதிகளைத்தான் அதிகம் பிடித்திருந்தது. மூன்று வருடம் கழித்துச் சீருடைக் கணக்கையும் புரட்டினார்கள்; காற்சட்டை இடுப்பளவிலும் சாரதிகளே முன்னணி. (மொரிஸ் லண்டனில் ஆராய்ந்தது நல்லதாய்ப் போயிற்று. இருந்த இடத்திலிருந்தே பயணிகள் கைமாற்றிக் கொடுக்கும் காசை வாங்கும் சென்னை நடத்துநரைப் பார்த்திருந்தால் ஆராய்ச்சி குழம்பியிருக்கும்.)

காரணம் எளியது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, காலிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளும். இருந்தால் அது வேலைநிறுத்தம் செய்யும். இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் கொழுப்பையும் தசைகள் சரியாக எடுத்துக்கொள்ளா. எடையற்ற விண்வெளியிலும் கால்களுக்கு இதே ஓய்வுதான். அங்கே ஆறு மாதம் இருந்து திரும்பியவர்களை வாட்டர்லூ பல்கலைக்கழகத்து றிச்சர்ட் ஹியூசன் குழு பரிசோதித்தது. கழுத்துத் தமனிகள் 10 முதல் 20 வருட முதுமைக்குச் சமமாக விறைத்திருந்தன. இத்தனைக்கும் அவர்கள் அங்கே தினமும் உடற்பயிற்சி செய்தவர்கள். நம்மவர் செய்வது கழுத்தைச் சொடுக்குவது மட்டும்.

2016இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை அலசி, எட்டு மணிநேரத்துக்கு மேல் இருப்பவர்கள் தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடந்தால் அந்தக் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் நீங்கும் என்றது. "ஒரு மணித்தியாலமா!" என்று நம்மவர் அதிர்ந்தார். பிறகு மணிக்கொருமுறை எழுப்பிவிடும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினார். இருந்தபடியே கையை வீசி ஆட்டினால், எழுந்து நின்றதாக அது பதிந்துகொள்கிறது என்பதையும் சீக்கிரமே கண்டுபிடித்தார். கணக்காளரல்லவா, பதிவேடு சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

இப்படிப்பட்டவர்களைக் கெபெக்கின் குளிர்காலம் காத்திருந்து பிடிக்கும். மாதக்கணக்காக அசையாதவர் ஒரே காலையில் வாசல் முழுக்க ஸ்னோ தள்ளுவார். 1981 முதல் 2014 வரையிலான கெபெக் பதிவுகளை வைத்து 2017இல் வெளிவந்த ஆய்வில், பலத்த பனிப்பொழிவுக்கு மறுநாள் மாரடைப்பும் அதனால் வரும் மரணமும் ஆண்களிடம் கூடியிருந்தன. பெண்களிடம் அப்படி இல்லை. மண்வாரியைப் பிடித்த கைகள்மேல்தான் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம்.

எந்த ஆராய்ச்சியையும் மதிக்காத நம்மவர் இதை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்து, முதல் பனி கொட்டிய அன்று மனைவியிடம் நீட்டினார். அவர் ஆறுதலாக வாசித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல விசயம்தானே. அப்ப ஸ்னோ கொட்டக் கொட்ட மணிக்கொருக்காப் போய்க் கொஞ்சங் கொஞ்சமாத் தள்ளுங்கோ. மலையாச் சேராது. உங்கட மணிக்கூட்டுக் கணக்கும் சரிவரும்."