குதிரையை யார் கேட்டார்கள்?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். "அட, கோட்டை!" என்று பக்கத்து சீட்காரரைத் தட்டுவதற்குள் பஸ் தாண்டியிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபுக்கு அடங்கிய ஒரு ஜாகீர்தார் கட்டியது. அகழி, கொத்தளம், மூன்று அடுக்கு மதில், எல்லாம் எதிரி வராமலிருக்க. எதிரி வந்தான். அதுவும் இரண்டு செட்டாக.

வருஷம் 1751. ஆற்காடு நவாப் நாற்காலிக்கு சந்தா சாகிப் ஒரு துண்டு போட்டார், பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். முகமது அலி இன்னொரு துண்டு, பின்னால் இங்கிலீஷ்காரர்கள். இரண்டு படைகளும் வாலிகண்டபுரம் பக்கம் வந்து நின்று கதவைத் திறக்கச் சொன்னபோது கோட்டைத் தலைவரான கில்லேதார் என்ன செய்தார் தெரியுமா? முதலில் நீங்கள் மோதி முடியுங்கள், ஜெயித்தவருக்குக் கோட்டை என்றார். இன்றைக்கு இருந்தால் அவரை ரிசார்ட்டில் வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

மோதினார்கள். இங்கிலீஷ் படைக் கேப்டன் ஜிஞ்சன்ஸின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சண்டை சூடுபிடித்ததும் திரும்பி ஓடினார்கள். முகமது அலியின் சகோதரர் அப்துல் வகாப் குதிரையில் வந்து, வெட்கமில்லையா என்று திட்டிப் பார்த்தார். இருந்திருந்தால் நின்றிருப்பார்களே! ஊட்டத்தூர் வந்து, அங்கிருந்து திருச்சி. இந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற நெடுந்தூரப் பந்தயம் இதுதான். என்ன, பெரும்பாலும் நடராஜா சர்வீஸ்.

அந்தப் படைக்கு அரிசி பருப்பு கவனித்துக்கொண்டிருந்த மாஜி கிளார்க்குக்கு வயசு 25. பெயர் ராபர்ட் கிளைவ். ஆமாம், அதே கிளைவ்தான்! சில நாளில் பிகாட் என்ற அதிகாரியோடு விருத்தாசலம் வரை ஒரு படையை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது பாளையக்காரர் ஆட்கள் மடக்கிவிட்டார்கள். கூட வந்தது பன்னிரண்டே சிப்பாய்கள்; பாதிக்கு மேல் காலி. துரைகள் இருவரும் குதிரையைத் தட்டிவிட்டார்கள், தப்பினார்கள். அன்று கிளைவ் செய்த வீரம், கீழே விழாமல் உட்கார்ந்திருந்தது. பிற்பாடு அவருக்கு லண்டனில் சிலை வைத்தார்கள். குதிரைக்குக் கொள்ளாவது வைத்தார்களா என்று சரித்திரம் சொல்லவில்லை.

ஹைதர் அலி இன்னும் பெரிய கை. 1769இல் கும்பினிப் படையை எங்கோ தெற்கே அலையவிட்டு, 6,000 குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் பறந்து பரங்கிமலையில் வந்து நின்றார். மெட்ராஸ் துரைகள் அலறியடித்து உடன்படிக்கை எழுதினார்கள். ஹைதருக்குப் பாடப்புத்தகத்தில் இடம் கிடைத்தது. 6,000 குதிரைகளுக்கு நுரைதான் தள்ளியது.

இந்த மீசை முறுக்கும் வியாதி நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை. 1892இல் ஜெர்மன், ஆஸ்திரிய ஆபீசர்கள் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் இடையே பந்தயம் விட்டார்கள். முதல் பரிசுக்காரர் மூன்று நாளுக்கும் சற்றுக் குறைவில் வந்து சேர்ந்தார். அவருக்குப் பணமும் புகழும். அவரைச் சுமந்து வந்த குதிரை செத்துப்போனது.

இப்போது 'எண்டியூரன்ஸ் ரைடிங்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. 1955இல் அமெரிக்காவில் வெண்டெல் ராபி என்பவர், இந்தக் காலத்துக் குதிரையும் ஒரே நாளில் நூறு மைல் போகும் என்று நிரூபிக்கக் கிளம்பினார். அதுதான் இன்றைய டெவிஸ் கோப்பை. வீம்பில் பிறந்த விளையாட்டுதான். ஆனால் நடுவில் ஒரு ஆள் புகுந்துவிட்டார்: மாட்டு டாக்டர், சாரி, குதிரை டாக்டர்.

சர்வதேசப் போட்டியில் ஒரே நாளுக்கான உச்ச தூரம் 160 கிலோமீட்டர். அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்று முடிவிலும் குதிரையை நிறுத்துகிறார்கள். சொன்ன நேரத்துக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்கவேண்டும். தோலைக் கிள்ளிப் பார்த்துத் தண்ணீர்ச்சத்தைக் கணிக்கிறார்கள். வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்கிறார்கள். ஓடவிட்டு, நொண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். எல்லைக்கோட்டை முதலில் தொட்டாலும் கடைசிப் பரிசோதனையில் குதிரை தேறாவிட்டால் கோப்பை கிடையாது, வீட்டுக்குப் போகலாம்!

யோசித்துப் பாருங்கள். இந்தச் சட்டப்படி வியன்னா சாம்பியனுக்கு முட்டைதான். ஹைதர் பரங்கிமலை பக்கமே வந்திருக்க முடியாது. கிளைவையோ டாக்டர் நடுவழியில் இறக்கிவிட்டிருப்பார். நம் நாட்டுக்கும் எத்தனையோ செலவு மிச்சம்.

உங்களுக்கும் இதில் இறங்க ஆசையா? குறைந்த தூரத்தில், நிதானமாக ஆரம்பியுங்கள். நல்லபடியாக முடித்தாலே ஜெயித்த மாதிரி என்பதுதான் இந்த விளையாட்டுக்காரர்களின் வேதம். சேணம் வாங்குவதற்கு முன்னால் குதிரைக்கு நாடி பிடிக்கப் பழகுங்கள். உங்கள் மீசையை அங்கே யாரும் அளக்கப் போவதில்லை.