மூணாவது மாடி மிராசுதார்

பேராண்டி, நாவலூர்ல மூணாவது மாடியில ஒரு ஃபிளாட் பாத்திருக்கியாமே, வாடகைக்கு விட. விலை 62.5 லட்சம், அதுல 50 லட்சம் பேங்கே குடுக்குதுன்னு உங்க அப்பத்தாகிட்ட போன்ல மிதப்பாச் சொன்னது திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. நம்ம வம்சத்துல தரையில கால் பாவாம சொத்து வாங்குற மொத ஆளு நீதான். பெருமையாத்தான் இருக்கு.

பேங்க் 50 லட்சம் தர்றதால வீடு அந்த விலைக்குத் தகும்னு முடிவு கட்டினே பாரு, அங்கதான் நீ மேதாவி. அவன் வீட்டை ஒரு தடவை பாத்தான்னா உன் சம்பளச் சீட்டை ரெண்டு தடவை பாத்திருப்பான். 50 லட்சக் கடன்னா வீட்டு மதிப்புல 80 சதவீதம் வரைக்கும் தரலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, தர்றான். மிச்சம் 12.5 லட்சம் உன் கைக்காசு. கைமாறி வர்ற வீடுன்னா முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அந்தக் கணக்குல இன்னும் அஞ்சரை லட்சத்துக்கு மேல.

வாடகை 18,000 வருமாம். எட்டரை வட்டிக்கு 20 வருசக் கடன்னா தவணை 43,391. அப்ப மாசாமாசம் 25,000 ரூவாய்க்கு மேல உன் சம்பளத்துல இருந்து எடுத்துப் போட்டு, முன்னப்பின்ன தெரியாத குடும்பத்தைக் குடிவச்சுக் காப்பாத்தப் போறே. என்ன ஒரு தர்ம சிந்தனை! மொதத் தவணையில 35,417 வட்டிக்கே போயிரும், அசலுக்கு 7,974தான். 20 வருசமும் முக்கி முக்கிக் கட்டி முடிச்சா வட்டி மட்டும் 54 லட்சம்.

நான் சந்தையில துண்டுக்குள்ள விரல் பிடிச்சு மாட்டு விலை பேசினவன். கொம்புல பூசின வர்ணத்துக்கு எவனும் விலை சொல்லமாட்டான். ரெண்டு வேளை கறந்து பாத்துட்டுத்தான் வாயத் திறப்பான். உன் மாட்டுக்குப் பாலு வாடகை. கறந்து பாரு. வருசத்துக்கு 2,16,000. ஒரு மாசம் காலியாக் கிடக்கும், வீட்டு வரி, வெள்ளையடிப்பு, தரகு எல்லாம் போக 1,90,000 நின்னா உன் அதிர்ஷ்டம். போட்ட விலைக்கு அது 3 சதவீதம். எட்டரைக்கு வாங்கி மூணுக்கு விடுற லேவாதேவிக்காரனை நான் எந்த ஊர்லயும் பாத்ததில்லைடா.

"விலை ஏறும் தாத்தா"ம்பே. ஏறுறது மண்ணு, கட்டடத்துக்கு வயசுதான் ஏறும். நீச்சல் குளத்தை விளம்பரத்துல ரசிச்சது போதும், மண்ணுல உன் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடின்னு பத்திரத்துல பாரு. வரி மிச்சமாகும்னு ஒரு கனவு வச்சிருப்பியே, புது வரி முறையில வாடகையை மிஞ்சுற வட்டியைச் சம்பளத்துல கழிக்க விடமாட்டான்.

விக்கிறவன் காதோரமா ஒண்ணு சொல்வான்: "கொஞ்சம் ரொக்கமாக் குடுங்க, வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கலாம்." தீர்வை மிச்சம்னு பல்லைக் காட்டிராதே. நாளைக்கு நீ விக்கிறப்ப, பத்திரத்துல இருக்கிறதுதான் நீ வாங்கின விலை. ரொக்கமாக் குடுத்ததும் உன் லாபத்துல சேந்து, அதுக்கும் 12.5 சதவீதம் நீயே அழணும். 2024 ஜூலை 23லேர்ந்து வாங்கின சொத்துக்குப் பணவீக்கக் கழிவும் போச்சு. அவன் வரியை உன் தலையில கட்டிட்டு உனக்கே சலுகை பண்ணினாப்ல பேசுறான் பாரு, அவன்கிட்ட தொழில் கத்துக்க.

எட்டரை எட்டரையாவே நிக்கும்னும் நெனைக்காதே. 2022 மே மாசம் 4 சதவீதத்துல இருந்து கிளம்பின ரெப்போ வட்டி, அதான் பேங்குக்கு ரிசர்வ் பேங்க் போடுற வட்டி, 2023 பிப்ரவரியில 6.5ல போய் நின்னுச்சு. தவணை ஏறலியேன்னு குஷியா இருந்தவங்க பல பேருக்குத் தவணைக்குப் பதிலா வருசம் ஏறியிருந்துச்சு. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைச்சா அபராதம் கிடையாது. போனஸ் வந்தா புது பைக் பாக்காம அசல்ல போடு.

சரி, என்ன விலை கேக்கலாம்? 5 சதவீதமாவது நிக்கணும்னா அந்த 1,90,000க்கு 38 லட்சம்தான் கட்டும். கேட்டுப் பாரு, சிரிப்பான். மொத விலைக்குச் சிரிக்காத யாவாரி எங்க இருக்கான்? இறங்கி இறங்கி 55க்கு வந்தாலும் வாடகைக்கு விடுறதுக்குன்னு வாங்காதே. நீயே குடியிருக்கப் போறேன்னா அது வேற கணக்கு, வா, உக்காந்து பேசுவோம்.

அப்படியும் வாங்கியே தீருவேன்னா பால் காய்ச்சுறதுக்குச் சொல்லிவிடு, வந்து வாழ்த்துறேன். மொய் மட்டும் எதிர்பாக்காதே. அதைத்தான் மாசாமாசம் குடியிருக்கிறவனுக்கு நீ எழுதப் போறியே.