சுவருக்கு ஏன் மருந்து?

கேள்வி: கொசுவை ஒழிக்கத் தேங்கிய நீரை அகற்றச் சொல்பவர்கள், பீகார் கிராமங்களில் மணல் ஈயை ஒழிக்கச் சுவருக்கு மருந்தடிப்பது ஏன்?

பதில்: மணல் ஈக்குத் தண்ணீர்த் தொட்டி தேவையில்லை, மாட்டுத் தொழுவத்தின் மூலையில் சாணமும் மக்கிய இலையும் கலந்து ஈரம் காயாமல் கிடக்கும் மண்ணே அதன் புழு வளரப் போதும் என்பதால், பிறப்பிடத்தைத் தேடி அழிப்பது ஏறக்குறைய இயலாத செயல். ஆனால் 3 மில்லிமீட்டர் அளவே உள்ள இப்பூச்சி நெடுந்தூரம் பறக்க வலுவற்றது. இரவில் இரத்தம் குடித்த பெண் ஈ, பகலில் அருகிலுள்ள மண்சுவரின் இருண்ட வெடிப்புக்குள் ஒதுங்குகிறது. லீஷ்மேனியா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியால் மண்ணீரலை வீங்கவைத்து, சிகிச்சையின்றேல் உயிரையே பறிக்கும் காலா-அசார் என்ற கருங்காய்ச்சலைப் பரப்புவது அதுவே. ஆகவே நெடுநாள் வீரியம் குன்றாத பூச்சிக்கொல்லியைச் சுவரில் தெளிப்பது, பகைவனின் படுக்கையிலேயே பொறி வைப்பதாகும். பல்லாண்டுகள் தெளிக்கப்பட்ட டி.டி.டி.யைத் தாங்கும் திறனை ஈக்கள் பெற்றுவிட்டதால், 2015-ஐ ஒட்டிச் செயற்கைப் பைரெத்ராய்டு மருந்து அதன் இடத்துக்கு வந்தது. சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் இந்த ஈ எளிதில் புகுந்துவிடும் என்பதால், வலையை மட்டும் நம்பவும் முடியாது; சுவர்த் தெளிப்பே கைகொடுக்கும். மருந்தடித்த சுவரைப் பண்டிகைக்காக உடனே மெழுகினால் மருந்து மண்ணுக்கடியில் புதைந்துவிடும் என்பதை வீட்டுப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் செய்யும் தெளிப்பு, பாதி வேலைதான்.