பாய் கடை நோட்டும் இத்தாலிப் புறாவும்

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்படும் விஷயம் ஆட்டுக்கறி. ஜெபம், தவம், தருமம் எல்லாம் உண்டு. குறை சொல்ல முடியாது. ஆனால் விபூதிப் புதனன்று நெற்றிச் சாம்பல் உதிர்வதற்குள் அப்பா கேட்டுவிடுவார்: "இந்த வருஷம் தொடையா சொல்லிடலாமா, இல்ல நாலு வீடு சேந்து முழு ஆடா எடுத்துப் பங்கு போட்டுக்கலாமா?" அம்மா முறைப்பார். "பேசறதால சுத்தபோசனம் கெட்டுடாதுடி" என்பார் அப்பா.

திருச்சபைச் சட்டத்தை அவர் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் எங்கள் பங்கில் இல்லை. ஒருசந்தி 18 வயதிலிருந்து 59 வரைதான் கட்டாயம் என்பதைத் தன் அறுபதாவது பிறந்தநாளன்று வீட்டில் முறைப்படி அறிவித்தார். பெரிய வெள்ளியன்று கோயிலில் ஊற்றும் கஞ்சியை மூன்றாவது முறை வாங்கும்போது யாராவது உற்றுப் பார்த்தால் ஆதார் அட்டையைக் காட்டவும் தயார்.

ஈஸ்டர் தேதியைச் சாமியாருக்கு முன்பே சொல்பவர் கறிக்கடை பாய். மார்ச் 21-க்கோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியைக் கண்டுபிடித்து, அதற்கடுத்த ஞாயிறு என்று வைக்க வேண்டும். சித்திரைப் பௌர்ணமித் திருவிழா நடக்கும் கூவாகம் இருக்கிற எங்கள் மாவட்டத்தில் பௌர்ணமிக் கணக்கை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குருத்தோலை ஞாயிறன்றே பாய் நோட்டைத் திறந்துவிடுவார்: இன்னார் வீடு, இரண்டு கிலோ, ஈரல் தனியாக, நல்லி கட்டாயம். பங்கு மக்கள் பட்டியல் உபதேசியாரிடம்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஊரைவிட்டுப் போனவர், சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போனவர், பூசைக்கே வராதவர் எல்லாரும் அதில் உண்டு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த எங்கள் ஈஸ்டருக்குள் இத்தாலி நுழைந்தது சிஸ்டர் அத்தையால். அப்பாவின் தங்கை. கன்னியர் மடத்தில் சேர்ந்து, இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் பாட்டிகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அவர்களுடைய பேரப்பிள்ளைகளைவிட நன்றாக இத்தாலியன் பேசுகிறவர். நம்மூர்க் கன்னியர்கள் நிறைய பேர் அங்கே இந்த வேலைதான் பார்க்கிறார்கள். அந்த வருஷம் விடுமுறை ஈஸ்டரோடு சேர்ந்து வந்தது.

இத்தாலிக்கும் எங்கள் பக்கத்துக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. 1680-ல் காஸ்திலியோனேயில் பிறந்த பெஸ்கி என்ற சேசு சபைச் சாமியார் இங்கே வந்து வீரமாமுனிவர் ஆனார். 3,615 பாட்டில் தேம்பாவணி எழுதினார். பரமார்த்த குருவையும் அவருடைய மட்டி, மடையன் சீடர்களையும் கொடுத்து நம்மைச் சிரிக்க வைத்தார். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கு அவர் எழுப்பிய கோயிலில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொட்டை. காவி கட்டிய கையோடு அந்த மனுஷன் கறியையும் மீனையும் விட்டுவிட்டார்.

"இத்தாலியிலிருந்து வந்தவரே கறியை விட்டுட்டாரு. நீ இங்கேயிருந்து போய் அங்க என்னா விட்டே?" என்று அப்பா தங்கையைச் சீண்டினார்.

"மிளகாயை விட்டேன், அண்ணே" என்றார் அத்தை.

இத்தாலிக்காரர்கள் ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டியை ரோஸ்மேரி இலை, பூண்டு, உப்பு மட்டும் போட்டு அடுப்பில் வாட்டுவார்களாம். பட்டை, சோம்பு, கசகசா ஒன்றும் கிடையாது. அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். வீரமாமுனிவரின் தவம் அவர் கண்ணில் கொஞ்சம் இளைத்துப் போனது என்றே நினைக்கிறேன்.

சனி இரவு பாஸ்கா திருவிழிப்பு. விளக்கெல்லாம் அணைத்து, வெளியே புதுநெருப்பு மூட்டி, பாஸ்கா திரியில் வருஷத்தைக் குறித்து, ஆளுக்கொரு மெழுகுதிரியோடு உள்ளே போவது வரை எந்த ஊர்க் கோயிலும் ஒன்றுதான். எங்கள் பக்கத்து விசேஷம் அதற்குப் பிறகு. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்து வானவர் கீதம் தொடங்கும் நொடியில் மணி அடிக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், வெளியே சரவெடி வெடிக்க வேண்டும், பீடத்துக்குப் பின்னால் திரை விலகி, புகை நடுவே உயிர்த்த ஆண்டவர் சுரூபம் கொடியோடு மேலே எழும்ப வேண்டும். எல்லாம் இளைஞர் மன்றத்தின் பொறுப்பு. கயிறு, கப்பி, வாடகைக்கு எடுத்த புகை மெஷின், பின்னால் குந்தியிருக்கும் இரண்டு பையன்கள்.

அன்று மணி அடித்தது. வெடி வெடித்தது. திரை பாதியில் நின்றது. ஆண்டவர் இடுப்புவரை எழுந்து காத்திருந்தார். திரையின் ஓரத்தில் ஒரு கை வந்தது; கையில் ஸ்க்ரூ டிரைவர். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, நிலைமையைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடி பாடியது. புகை மெஷின் மட்டும் தன் கடமையில் தவறவில்லை; முன்வரிசைக் கிழவிகள் இருமிக்கொண்டே கைகூப்பினார்கள். இரண்டாம் சுற்றின் நடுவில் திரை ஒரே இழுப்பில் முழுசாகக் கீழே விழுந்தது. கோயிலே கைதட்டியது.

அத்தை சிரித்துக்கொண்டே புளோரன்ஸ் கதையைச் சொன்னார். அங்கே ஈஸ்டர் ஞாயிறன்று பேராலய வாசலில் ஒரு தேர் நிறைய வாணவெடியை அடுக்கி வைப்பார்கள். பீடத்திலிருந்து கம்பி கட்டி, புறா வடிவ ராக்கெட் ஒன்றைப் பற்ற வைத்து விடுவார்கள். அது கம்பியில் ஓடிப்போய்த் தேரைக் கொளுத்திவிட்டுத் திரும்பி வர வேண்டும். ஒழுங்காக ஓடினால் அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும். 1966-ல் புறா மக்கர் பண்ணியது, அந்த நவம்பரில்தான் ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தது என்று இன்றும் பேசிக்கொள்கிறார்களாம். கேட்ட அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ இந்த வருஷமும் கரும்புப் பாக்கி வராதா?"

விடியற்காலை இரண்டு மணிக்கு, பூசை முடிந்த கூட்டம் அப்படியே பாய் கடைக்குப் போனது. வாழ்த்து, கைகுலுக்கல், குசலம் எல்லாம் அங்கேதான்.

காலையில் அத்தை பெட்டியைத் திறந்தார். முதலில் வந்தது சாக்லேட் முட்டை. இத்தாலியில் அதை உடைத்தால் உள்ளே பரிசு இருக்குமாம். பங்குனி வெயில் அதற்கு முன்பே அதை உடைத்துவிட்டிருந்தது. ஜரிகைக் காகிதத்துக்குள் ஊத்தப்பமாகக் கிடந்ததன் நடுவே ஒரு சாவிக்கொத்து முளைத்திருந்தது. "முட்டைன்னா கோழி போடணும்" என்றார் அப்பா.

அடுத்து கொலம்பா. மேலே பாதாமும் சர்க்கரை மணியும் ஒட்டிய, புறா வடிவக் கேக். ஆறாம் நூற்றாண்டில் பாவியா நகரைப் பிடித்த லொம்பார்து அரசனைச் சாந்தப்படுத்த ஊரார் கொடுத்த ரொட்டி என்று அத்தை பக்தியோடு சொன்னார். அழகான கதைதான். உண்மையில், கிறிஸ்துமஸ் கேக் சுடும் மெஷின் மற்ற மாதங்களில் சும்மா கிடக்கிறதே என்று மிலானின் மோத்தா கம்பெனி 1930-களில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. மாவரைக்கிற மெஷினில் மிளகாய்த்தூளும் அரைத்துக் காசு பார்க்கும் எங்கள் ஊருக்கு இது புரியும். அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டு, "பன்னு நல்லாருக்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கப் போனார்.

திங்கட்கிழமை இத்தாலியில் அரசு விடுமுறை. குடும்பம் குடும்பமாகக் காடு மேடு தேடிப் போய்ச் சாப்பிடுவார்கள் என்றார் அத்தை. நமக்குப் பெரிய வெள்ளிதான் விடுமுறை. ஆண்டவர் இறந்ததற்கு லீவு கொடுக்கும் அரசாங்கம் உயிர்த்ததற்குக் கொடுப்பதில்லை. அண்ணன் ஆபீசுக்கு வயிற்றுவலி என்று போன் செய்தான். ஞாயிறு மத்தியானம் அவன் இலையைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, வளைவு வளைவாக ஏறி, பெரியார் அருவியில் நிறுத்தினோம். அருவி பேருக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பாறை நிழலில் பாய் விரித்து, மிச்சப் பிரியாணியைச் சுடவைத்து, எலும்புக் குழம்பைத் திறந்தோம். பக்கத்துக் கடையில் பலாச்சுளை. அத்தை தட்டை நீட்டி, மூன்றாம் தடவையும் குழம்பு வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷ ரோஸ்மேரிக்கு ஈடுகட்ட வேண்டாமா? கிறிஸ்துமஸ் வீட்டாரோடு, ஈஸ்டர் யாரோடு வேண்டுமானாலும் என்று அங்கே ஒரு சொலவடை உண்டாம். "இங்க ரெண்டுத்துக்கும் இதே கும்பல்தான், வேற வழி இல்ல" என்றார் அம்மா.

மலைக்காரப் பெரியவர் ஒருவர் ஏழெட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா கையைக்கூடக் கழுவவில்லை. எழுந்து போய் ஒரு கிடாயின் முதுகைத் தடவிப் பார்த்து விலை கேட்டார்.

"நேத்துதானே ஈஸ்டர் முடிஞ்சது? அடுத்த ஈஸ்டருக்கு ஒரு வருஷம் இருக்கு" என்றார் அம்மா.

"விசாரிச்சு வைக்கிறதுல என்னாடி தப்பு?"

"அண்ணே, அந்தக் கருப்புக் கிடா இன்னும் கொழுப்பா இருக்கு, அதைக் கேளுங்க" என்றார் சிஸ்டர் அத்தை.