ஆப்பு கிரிட்டு வண்டி

வாடா பேராண்டி, வா. செருப்ப வாசல்ல வுடு, திண்ண இன்னிக்கித்தான் மெழுவுனது. லாரி வாங்கியாந்திருக்கியாமே, ஊரே பேசுது. டீக்கடையில ஒருத்தன் ஐஸ்கிரீம் வண்டிங்கிறான், இன்னொருத்தன் பொணம் ஏத்துற வண்டிங்கிறான். உங்க அத்த மட்டும் “எம் மருமவன் கேட்டரிங் ஆரம்பிக்கப் போறான்”னு சன்னதித் தெரு பூரா பெருமையா சொல்லிக்கிட்டு வருது. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. மெட்ராசுல எவனோ பார்சல் ஏத்தி ஏத்தித் தேச்சுப் போட்ட பதினாலடி டப்பா லாரிய, குடியிருக்கன்னு காசு குடுத்து வாங்கியாந்திருக்கான்னு சொன்னா நம்ம குடும்பத்துல யாரு பொண்ணு குடுப்பா?

என்னமோ இங்கிலீசுல பேரு சொன்னியே. ஆப்-கிரிட்டா? என் காதுல ஆப்பு கிரிட்டுன்னுதான் விழுவுது. கரண்டு கம்பி வேணாம், தண்ணிக் கொழா வேணாம், எவன் தயவும் வேணாம், வண்டியே வூடு. நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வாழ்க்கைய நீ முன்னயே வாழ்ந்துட்ட, மறந்துட்ட. 2011 டிசம்பர் 30, தானே புயலு. நீ அப்ப ஆறாங்கிளாசு. கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறி, பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரின்னு ஒண்ணு விடாம வேரோட சாச்சிட்டுப் போச்சு. கரண்டு கம்பமெல்லாம் ரோட்டுல படுத்துக்கிச்சு. வாரக்கணக்கா இருட்டு. ஜெனரேட்டர் வச்சிருந்தவன் செல்லுக்கு சார்ஜு போட காசு வாங்குனான். நாம கொடத்தத் தூக்கிக்கிட்டு அடிபம்புக்கு அலைஞ்சோம். அப்ப அதுக்குப் பேரு கஷ்டம். அதையே இப்பக் காசு போட்டு வாங்குனா ஆப்பு கிரிட்டு.

மொறைக்காத. நானும் முப்பத்தஞ்சு வருசம் லாரியில கெடந்தவந்தான். கரும்பு ஏத்திக்கிட்டுப் போயி ஆலை வாசல்ல வரிசையில நின்னா ரெண்டு ராத்திரி, மூணு ராத்திரி ஆவும். சேசிசுக்கு அடியில தார்ப்பாய தூளியாக் கட்டிப் படுத்துக்குவோம். டூல் பாக்சுல ஸ்டவ்வு, அரிசி, கருவாடு. எங்க கேம்பர் வேனு அம்புட்டுதான். யாரும் வந்து படம் புடிக்கல.

அதுக்கும் முந்தி உப்பு விக்கிற உமணருங்க இருந்தாங்க. நம்மூரு புலவர் வாத்தியாரு கதையாச் சொல்லுவாரு. பெரும்பாணாற்றுப்படையில உப்பு வண்டி வருதாம். வண்டியிலயே கோழிக்கூடு. காடிப் பானைய கயித்துல இறுக்கிக் கட்டியிருக்கு. கைப்புள்ளையோட ஒரு பொம்பள முன்னால குந்திக்கிட்டு மாட்ட முடுக்குறா. சமையலு, முட்ட, புள்ளகுட்டி எல்லாம் சக்கரத்து மேல. புறநானூத்துல அவ்வை இன்னொண்ணு சொல்றா: உப்பு வண்டிக்கு அடியில சேம அச்சு ஒண்ணு கட்டியிருப்பாங்களாம். சேம அச்சுன்னா என்னான்னு நெனைக்கிற? ஸ்டெப்னிடா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி உப்பு வித்தவனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. ஸ்டெப்னியக் கழட்டிக் கடாசிட்டு அந்த எடத்துல தண்ணி டேங்க மாட்டி வச்சிருக்க.

எனக்கு எப்புடித் தெரியும்னு பாக்குறியா? அப்பறமா சொல்றேன்.

முந்நூறு லிட்டரு டேங்கு. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ. முந்நூறு கிலோவ பின்னச்சுக்கும் பின்னால, அதுவும் ஒரு பக்கமாத் தொங்கவுட்டா வண்டி என்னா செய்யும்? ஒரு காலு வீங்குனவன் மாதிரி சாஞ்சிக்கிட்டு ஓடும். பாதி டேங்கு தண்ணியோட நீ சேத்தியாத்தோப்புல ஒரு பிரேக்கு போட்டா, தண்ணி அப்பவும் ஓடிக்கிட்டுதான் இருக்கும், உன்னயும் தள்ளிக்கிட்டு. உள்ள தடுப்புத் தகடு வச்ச டேங்கா வாங்கு. அச்சுக்கு மேல, நட்ட நடுவுல வையி. ஸ்டெப்னிய பழைய எடத்துல மாட்டு.

நாமக்கல் பக்கம் பரமத்திவேலூர்ல அருண் பிரபுன்னு ஒரு புள்ள இருக்கான், கட்டடப் படிப்பு படிச்சவன். ஆட்டோ மேல வூடு கட்டினான். லாரி இல்ல, மூணு சக்கர ஆட்டோ. ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு சதுர அடி. அதுக்குள்ள படுக்க எடம், அடுப்பு, குளிக்கத் தொட்டி, கக்கூசு எல்லாம். மேல 600 வாட்டு சோலாரு, 250 லிட்டரு தண்ணித் தொட்டி. இடிச்ச கட்டடத்துல கெடந்த பழைய சாமான வச்சே சுமாரா ஒரு லட்சத்துல முடிச்சிட்டான். ஆனந்த் மகிந்திராவே 2021-ல பாத்துட்டுப் பாராட்டி எழுதினாரு. அந்த வூட்ட ஆட்டோவோட சேக்கறது ஆறு போல்ட்டுதான். கழட்டுனா ஆட்டோ ஆட்டோவாவே இருக்கும். அந்தப் புள்ளையோட மூள அந்த ஆறு போல்ட்டுலதான் இருக்கு, நீ சோலார மட்டும் பாத்துட்டு வந்துட்ட.

சரி, சோலாருக்கு வருவோம். அந்தப் புளியங்கொட்ட டப்பாவ எடு. உனக்கு கம்ப்யூட்டரு, எனக்கு இது. ஒரு கொட்ட நூறு வாட்டு ஒரு மணி நேரம் எரியிற கரண்டு. பத்து கொட்ட ஒரு யூனிட்டு. 540 வாட்டுப் பலக ரெண்டு வாங்கியிருக்கன்னு சொன்ன. ஒரு பலக ஏழரை அடி நீளம். நீளவாக்குல ரெண்டு வச்சா பதினஞ்சடி. உன் கூர எவ்வளவு? பதினாலு. அந்த ஒரு அடியத் துருத்திக்கிட்டு தெருவுல போனா மொத வேப்பங்கிளையே கழட்டிக் குடுத்துரும். குறுக்காலயும் வைக்க முடியாது, ஆறடி அகலத்துல ஏழரை அடி நிக்காது. கடக்காரன் திருப்பி எடுத்துக்கிட்டான்னா ஆறரை அடிப் பலகையா ரெண்டு வாங்கு, 330 வாட்டு. மொத்தம் 660.

நல்லா வெயிலு காயிற நாள்ல அது என்னா குடுக்கும்? ரெண்டே முக்கா யூனிட்டு வச்சிக்க. எண்ணு, இருவத்தேழு கொட்ட. இது வரவு. இப்ப செலவு. முப்பது வாட்டு பேனு பன்னண்டு மணி நேரத்துக்கு நாலு கொட்ட. வெளக்கு ஒண்ணு. உன் செல்லு, லேப்டாப்புக்கு நாலு. சின்ன ஃபிரிஜ்ஜுக்கு ஏழு. இன்வெர்ட்டர் முழுங்குறது ரெண்டு. ஆச்சா? பதினெட்டு. மிச்சம் ஒம்போது. பரவாயில்ல, மானத்தோட குடும்பம் நடத்தலாம். இரு இரு, கைய எடுக்காத. ஏசி வேணும்னு சொன்னியே. ஒரு டன்னு ஏசி ராத்திரி பூரா ஓடுனா அறுவது கொட்டைக்கு மேல ஆவும். டப்பாவுலயே அவ்வளவு இல்லடா. உங்க ஆயா புளியத் தட்டி எத்தன நாள் சேத்தது!

இதுவும் வெயிலு நாள் கணக்கு. ஐப்பசி, கார்த்தியில மூட்டம் போட்டு நாலு நாளு ஊத்துனா எட்டு கொட்ட வந்தா பெரிசு. பேட்டரிய மட்டும் கொறச்சல்னு பாக்காத. ஈயப் பேட்டரின்னா பாதிக்கு மேல உறிஞ்சக் கூடாது, உறிஞ்சுனா சீக்கிரமே செத்துப் போவும். சார்ஜு ஏறும்போது காத்து வேற விடும், பத்திக்கிற காத்து. அதப் போயி கட்டிலுக்கு அடியில வைக்கிறவன பொணம் ஏத்துற வண்டிக்காரன்னு டீக்கடையில சொன்னா தப்பில்ல. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு வெல கூடத்தான். ஆனா முக்காலுக்கு மேல எடுத்தாலும் கோவிச்சிக்காது.

பலகைய கூரையோட ஒட்டி அடிச்சிடாத. நாலு விரக்கட ஒசத்தி மாட்டு. அடியில காத்து ஓடுனா பலக சூடேறாது, சூடேறலன்னா கரண்டு கூட வரும், கூரைக்கும் நெழலாச்சு. தகர டப்பாவுக்கு நெழலு எம்மாம் பெரிய சொத்துன்னு அக்கினி நட்சத்திரத்துல தெரியும். உள்ள வெறும் பிளைவுட்டு அடிச்சிருக்கியே, அதுக்கும் தகரத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல, தட்டுனா டொங்கு டொங்குங்குது. ஒன்ற அங்குலமாச்சும் தெர்மாகோல் மாதிரி கெட்டியா ஒண்ண வச்சி அடைக்கணும். வெயிலுக்கு மட்டும் இல்லடா. தை மாசக் குளிருல ஒரு ஆளு உள்ள படுத்து மூச்சு விட்டாலே விடியக்காலத்துல தகரம் வேர்க்கும். சரியா மூக்கு மேலயே சொட்டும்.

கேசு சிலிண்டரு வச்சா தரையோட தரையா ஓட்ட போடு. அந்த கேசு காத்த விட கனம், கசிஞ்சா கீழதான் தங்கும். உன் மூக்கு மேல இருக்கு, அது காலடியில படுத்துக்கிட்டு நேரம் பாக்கும். கக்கூசப் பத்தி பேச மாட்டேன். அந்த டப்பாவ எங்க கொட்டுவ, யாரு கொட்டுவான்னு மட்டும் உங்கம்மாகிட்ட இப்பவே கேட்டு வச்சிக்க.

இன்னொண்ணு. சன்னலு வெட்ட மிசினு எடுத்தாந்திருக்கியாம். கீழ வையி. ஆர்.சி. புக்குல உன் வண்டி சரக்கு வண்டி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பாசுரம் மறந்தாலும் அது எனக்கு மறக்காது. புக்குல ஒண்ணு, வண்டியில ஒண்ணுன்னு இருக்கக்கூடாது. 2019 சனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருசம் சட்டத்தத் திருத்தி, மாத்தம் ஒண்ணுக்கு 5,000 ரூபா அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ளன்னு சேத்தாங்க. மாத்தம் ஒண்ணுக்குடா! நீ மூணு சன்னலு, ஒரு கதவுன்னு கோடு போட்டு வச்சிருக்க, கூட்டிப் பாத்துக்க. 2021 ஆகஸ்டுல கண்ணூர்ல யூடியூப்பு அண்ணன் தம்பி ரெண்டு பேரு இதே மாதிரி ஒரு வேன மாத்தி ஓட்டுனாங்க. வண்டிய ஆபீசுக்காரங்க புடிச்சிக்கிட்டாங்க. அங்க போயி சத்தம் போட்டதுல அவுங்களையும் புடிச்சாங்க.

மாத்தவே முடியாதுன்னு நான் சொல்லல. சொந்த உபயோகத்துக்குக் கேம்பர் வேனுன்னு தனி வகயே இருக்கு. மோட்டார் கேரவனு எப்புடி இருக்கணும்னு ஏஐஎஸ்-124ன்னு ஒரு தரமும் இருக்கு. மொதல்ல படத்தப் போட்டு எடுத்துக்கிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போ, எழுத்துல அனுமதி வாங்கு, அப்பறம் மிசின கையில எடு. இன்சூரன்சுக்காரனுக்கும் எழுதிப் போட்டுரு. எவன் தயவும் வேணாம்னு கெளம்புன பாரு, மொத படியே ஆபீசுப் படி!

நம்மூரு வராகப் பெருமாளப் பாரு. பூமியவே கோரப்பல்லுல தூக்கிக்கிட்டு வந்தவரு. அம்மாம் பெரிய லோடு ஏத்துனவரு உலகத்துலயே கெடையாது. ஒடம்பு மேக்கப் பாத்து நிக்கிது, மொகம் மட்டும் தெக்கத் திரும்பியிருக்கு. ரிவர்ஸ் எடுக்குற டிரைவரு பக்கத்துக் கண்ணாடியப் பாக்குற மாதிரி இருக்குன்னு சின்ன வயசுல சொல்லி எங்கப்பாகிட்ட வாங்குன அற இன்னும் காதுல கேக்குது. அவரும் வருசா வருசம் மாசி மகத்துக்கு ஊர விட்டுக் கெளம்புறாரு. டேங்கு இல்ல, பேட்டரி இல்ல. வழிநெடுக மண்டகப்படி. ஒரு ஊருல தளிக, ஒரு ஊருல பானகம். கிள்ளைக்குப் போனா ரஹ்மத்துல்லா தர்காக்காரங்க எதுருல வந்து மரியாத பண்றாங்க. அப்பறம் முழுக்குத்துறையில கடலு முழுக்கு. கோரக்கெழங்கு உருண்டைய ஆசையாத் தின்னுறவருக்கு எந்த ஊரு வாசல்லயும் நிக்க வெக்கமில்ல. நீ என்னடான்னா எவன் வாசல்லயும் நிக்கக்கூடாதுன்னு அடுப்பு, கக்கூசு வரைக்கும் முதுவுல கட்டிக்கிட்டு ஓடப் பாக்குற.

சரி போ, வயசு. நான் சொன்னத ஒழுங்காச் செஞ்சி முடி. பின்பக்கக் கட்டில அஞ்சடியில போட்டிருக்க, எனக்கு முட்டிக்குக் கீழ அந்தரத்துல தொங்குது. ஆறடியா ஆக்கு. ஏறுற படி ரொம்ப ஒசரம், நடுவுல இன்னொண்ணு வையி, கைப்புடியும் வையி. ராத்திரியில எறங்கிப் போறதுக்குள்ள ரெண்டு தடவ உழப் பாத்தேன். மாசி மகத்துக்கு இன்னும் முப்பது நாளுகூட இல்ல. பெருமாளுக்குப் பின்னாலயே நாமளும் கிள்ளைக்குப் போவோம். சன்னலுக்கு அனுமதி வந்துச்சுன்னா மொத சன்னல என் தலமாட்டுல வெட்டு.

உங்க அத்தகிட்ட மட்டும் வாயத் தொறந்துராத. போர்வையும் எச்சிப் படிக்கமும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. எடுத்துப் போட்டுராத.